கையெழுத்துக்கு முன் கணக்கு: வாழ்க்கைத்துணை இறந்தபின் சொத்தில் உங்கள் பங்கை அறிந்து பெறும் முறை

கருமாதி முடிந்த மறுநாளே செட்டிநாட்டு வீடுகளில் ஒரு பேச்சு எழுவதுண்டு. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த பிள்ளைகள் திரும்பிப் போவதற்குள், “எல்லாரும் ஊரில் இருக்கும்போதே பத்திரத்தை முடித்துவிடலாம் ஆச்சி” என்று உறவினர் யாரேனும் சொல்வார். அந்தப் பத்திரம் பெரும்பாலும் விடுதலைப் பத்திரமாக இருக்கும். கணவரின் சொத்தில் தமக்குள்ள பங்கைப் பிள்ளைகளுக்கோ கொழுந்தனாருக்கோ விட்டுக்கொடுத்ததாக மனைவி கையெழுத்திடும் பத்திரம் அது. விட்டுக்கொடுப்பது அவரவர் விருப்பம். ஆனால் தம் பங்கு எவ்வளவு என்று தெரியாமலே விட்டுக்கொடுத்துவிட்டுப் பிறகு வருந்தினால், மோசடியோ வற்புறுத்தலோ நடந்தது என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்காமல் பதிவான பத்திரத்தை ரத்துசெய்ய இயலாது. ஆகவே, கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே கையெழுத்து என்பதை முதல் விதியாகக் கொள்ளுங்கள்.

உயில் எழுதாமல் இறந்த இந்துக் கணவரின் சொத்தில் மனைவிக்குள்ள உரிமையே இங்கு முதன்மையாகப் பேசப்படுகிறது. மனைவியை இழந்த கணவருக்கான விதி வேறு. அது பின்னால் வருகிறது.

இறந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்

பங்கைத் தீர்மானிப்பது இன்றைய சட்டம் அன்று, இறந்த நாளில் நடைமுறையில் இருந்த சட்டமே. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 ஜூன் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கணவர் இறந்திருந்தால், 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மனைவிக்குக் கிடைத்தது ஆயுட்கால அனுபவ உரிமை மட்டுமே. அவரால் சொத்தைத் தம் விருப்பப்படி விற்கவோ உயில் எழுதவோ முடியாது. பழைய கதைதானே என்று தள்ளிவிட வேண்டாம். செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் பல 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கட்டப்பட்டவை, அவற்றுள் சிலவற்றின் மூலப்பத்திரம் இன்னும் முப்பாட்டனார் பெயரிலேயே நிற்கிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, அன்று பெண்களின் உடைமையில் இருந்த அந்த வரம்புக்குட்பட்ட உரிமையை முழு உரிமையாக மாற்றிவிட்டது என்பதால், உங்கள் மாமியாரின் மாமியார் 1956இல் உயிரோடு இருந்தாரா, அந்தச் சொத்து அவர் வசம் இருந்ததா என்ற கேள்விகூட உங்கள் பங்கை மாற்றக்கூடும்.

இரண்டாவது முக்கியத் தேதி 2005 செப்டம்பர் 9. அன்றுமுதல் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி ஆகிறார். தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதலே மணமாகாத மகள்களுக்கு அந்த உரிமையை அளித்திருந்தது. 2005 திருத்தத்தின்போது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் தெளிவுபடுத்தியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுசெய்த பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ முடிந்துபோன பாகப்பிரிவினையை இந்தத் திருத்தம் தொடுவதில்லை.

பூர்வீகமா, சுயார்ஜிதமா?

குடும்பங்கள் மிகுதியாகத் தவறு செய்யும் இடம் இதுதான். “தாத்தா வழி வந்ததெல்லாம் பூர்வீகம், அதில் பிள்ளைகளுக்குத்தான் உரிமை” என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தந்தை தம் உழைப்பில் சம்பாதித்த சொத்து, அவர் 1956க்குப் பிறகு உயிலின்றி இறந்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி மகனுக்கு வந்திருந்தால், அது மகனின் தனிச்சொத்தாகவே கருதப்படும். பேரப்பிள்ளைகளுக்கு அதில் பிறப்புரிமை இல்லை. இது 1986 முதல் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்திவரும் கருத்து. இதனால் மனைவிக்கு என்ன பயன் என்றால், தனிச்சொத்தில் அவருடைய பங்கு பெரிது, கூட்டுக்குடும்பச் சொத்தில் சிறிது.

ஒரு கற்பனைக் குடும்பத்தைக் கொண்டு கணக்கைப் பார்ப்போம். கானாடுகாத்தானைச் சேர்ந்த ஒருவர் 2019இல் உயிலின்றி இறக்கிறார். அவருக்கு மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். அவரைப் பெற்ற தாயும் உயிரோடு இருக்கிறார். காரைக்குடியில் அவர் தம் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டுமனை ஒன்றும், ஊரில் பூர்வீக வீட்டில் அவருடைய கிளைக்கு வந்த பங்கும் இருக்கின்றன. வீட்டுமனையில் மனைவி, மகன், மகள், தாய் ஆகிய நால்வருக்கும் தலா நான்கில் ஒரு பங்கு. இறந்தவரின் தந்தை இருந்திருந்தாலும் அவருக்கு இதில் பங்கில்லை, ஏனெனில் தாய் முதல் வகுப்பு வாரிசு, தந்தையோ முதல் வகுப்பில் யாரும் இல்லாதபோதே பங்கு பெறும் இரண்டாம் வகுப்பு வாரிசு.

பூர்வீகப் பங்குக்கு வேறு கணக்கு. அவர் இறப்பதற்கு ஒரு நொடி முன் பாகப்பிரிவினை நடந்ததாகச் சட்டம் பாவித்துக்கொள்கிறது. அதில் அவருக்கும் மகனுக்கும் மகளுக்கும் தலா மூன்றில் ஒரு பங்கு. தென்னாட்டு வழக்கப்படி கணவரும் பிள்ளைகளும் பாகம் பிரித்துக்கொள்ளும்போது மனைவிக்குத் தனிப்பங்கு வைப்பதில்லை. பிறகு இறந்தவருக்கு ஒதுங்கிய மூன்றில் ஒரு பங்கை நால்வரும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆக, மனைவிக்குப் பன்னிரண்டில் ஒன்று, தாய்க்குப் பன்னிரண்டில் ஒன்று, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டில் ஐந்து. ஒரே மனிதரின் சொத்தில் ஓரிடத்தில் கால் பங்கும் மற்றோரிடத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கும் மனைவிக்கு வருகிறது என்றால், எந்தச் சொத்து எந்த வகை என்பதை எழுத்தில் பிரித்து வைப்பது எவ்வளவு முக்கியம் என்று விளங்கும். எனவே ஒரு தாளில் ஒவ்வொரு சொத்தின் எதிரிலும் யார், எந்த ஆண்டு, எப்படி வாங்கினார் என்று எழுதி, மூலப்பத்திரத்தின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே உள்ளூர் வழக்கம் ஒன்று குழப்பத்தை உண்டாக்குகிறது. திருமணத்துக்குப் பிறகு மகனையும் மருமகளையும் ‘வேறு வைப்பது’ நகரத்தார் மரபு. ஒரே வளவில் (முற்றத்தைச் சுற்றி அமைந்த பெரிய வீட்டில்), ஒரே கூரையின் கீழ், தனி உலை. இதை வைத்தே “எப்போதோ பிரிந்துவிட்டோம்” என்று சிலர் வாதிடுகிறார்கள். தனியே சமைத்து உண்பதோ தனி அறையில் புழங்குவதோ மட்டும் பாகப்பிரிவினை ஆகிவிடாது. சொத்தில் பங்குகள் வரையறுக்கப்பட்டதற்குச் சான்று வேண்டும். அதுபோலவே கோயிலில் தம்பதியை ஒரு புள்ளியாக எண்ணுவது வரிக்கும் முறைமைக்கும் உரிய கணக்கு. சொத்துப் பங்கை அளக்க அது உதவாது.

தாயின் பங்கும் பிள்ளையில்லாத மனைவியும்

மேலே சொன்ன குடும்பத்தில் தாய்க்குப் போன பங்கைச் சிலர் கவனிப்பதே இல்லை. “பெரிய ஆச்சிக்கு எதற்கு, இந்த வீட்டிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்” என்று விட்டுவிடுகிறார்கள். அவர் உயிலின்றி இறந்தால் அந்தப் பங்கு அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும், அதாவது உங்கள் கொழுந்தனார், நாத்தனார் ஆகியோருக்கும் போகும். முன்னரே இறந்த மகன் என்ற முறையில் உங்கள் கணவரின் பிள்ளைகளுக்கும் அதில் ஒரு கிளைப்பங்கு உண்டு. மருமகளாகிய உங்களுக்கு இல்லை.

பிள்ளையில்லாத மனைவிக்கு இது இன்னும் கூர்மையானது. கணவரின் தனிச்சொத்தில் அவருக்கும் மாமியாருக்கும் பாதிப்பாதி. மாமியார் இல்லையென்றால் முழுவதும் அவருக்கே. கணவரின் அண்ணன் தம்பிகள் இரண்டாம் வகுப்பு வாரிசுகள் என்பதால், முதல் வகுப்பில் ஒருவர் இருக்கும்வரை அவர்களுக்கு எதுவும் இல்லை. “ஆண் வாரிசு இல்லை, ஆகவே பங்காளிக்குப் போய்விடும்” என்று யாரேனும் சொன்னால் அது பழைய காலத்துச் சட்டம் என்று அமைதியாகச் சொல்லிவிடலாம்.

பிள்ளை கூட்டுவது, அதாவது சுவீகாரம் எடுப்பது, பற்றியும் சொல்ல வேண்டும். கணவர் இறந்தபின் மனைவி பிள்ளை கூட்டிக்கொண்டால், அதற்கு முன்பே அவருக்கு உரித்தாகிவிட்ட சொத்தை அந்தச் சுவீகாரப் பிள்ளையால் பறிக்க இயலாது என்று 1956ஆம் ஆண்டு சுவீகாரச் சட்டத்தின் 12ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. 15 வயதுக்கு மேற்பட்டவரையோ மணமானவரையோ கூட்டுவது, அந்தச் சமூகத்தின் வழக்கம் இடம் கொடுத்தால் மட்டுமே செல்லும். வழக்கென்று வந்தால் அந்த வழக்கத்தை மெய்ப்பிக்க வேண்டும். சுவீகாரத்தைப் பதிவுசெய்துவிடுவதே பாதுகாப்பு.

கணவர் தம் தந்தைக்கு முன்பே இறந்துவிட்டால், மாமனார் உயிலின்றி இறக்கும்போது முன்னிறந்த மகனின் மனைவி என்ற முறையில் மருமகளும் முதல் வகுப்பு வாரிசு ஆகிறார். கணவருக்கு உரியதாக இருந்திருக்கும் கிளைப்பங்கை அவரும் அவருடைய பிள்ளைகளும் பகிர்ந்துகொள்வர்.

யாருக்கு உரிமை இல்லை என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மணமுறிவு பெற்றவருக்கு உரிமை இல்லை. பிரிந்து வாழ்ந்தாலும் மணமுறிவுத் தீர்ப்பாணை இல்லாதவரை உரிமை உண்டு. முதல் மனைவி இருக்கையில் நடந்த இரண்டாம் திருமணம் செல்லாது என்பதால் அந்தப் பெண் வாரிசு அல்லர். ஆனால் அவருடைய பிள்ளைகளுக்குத் தந்தையின் சொத்தில் பங்கு உண்டு. பங்கு பெற்ற மனைவி பின்னர் மறுமணம் செய்துகொண்டால் அதனால் எதையும் இழப்பதில்லை.

தாள்களை எந்த வரிசையில் திரட்டுவது?

முதலில் இறப்புச் சான்று. 21 நாட்களுக்குள் பதிவுசெய்தால் செலவும் அலைச்சலும் இல்லை; ஓராண்டு கடந்துவிட்டால் நடுவரின் ஆணை தேவைப்படும். அடுத்து வாரிசுச் சான்று. இ-சேவை மையத்தின் வழியே விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை தர, வட்டாட்சியர் வழங்குவார். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களிலும் பரவிக் கிடப்பதால், உங்கள் ஊர் எந்த வட்டத்தில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாரிசுச் சான்று, வாரிசுகள் யார் யார் என்று காட்டும் பட்டியல். அதில் பெயர் இருப்பதாலேயே ஒருவருக்குச் சொத்துரிமை வந்துவிடாது, பெயர் விடுபட்டதாலேயே போய்விடவும் செய்யாது. ஆயினும் மாமியாரின் பெயரும் மணமாகிப்போன மகளின் பெயரும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்தே வாங்குங்கள். அவற்றை விட்டு வாங்கிய சான்று பின்னாளில் எல்லாரையும் நீதிமன்றப் படியேற வைக்கும்.

பெயர்ச் சிக்கலுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டியிருக்கும். பழைய பத்திரத்தில் மூன்று நான்கு முன்னெழுத்துகள் கொண்ட விலாசத்தோடும் (இங்கு விலாசம் என்பது முகவரி அன்று, பெயருக்கு முன் வரும் அந்த எழுத்துத்தொடர்) ‘செட்டியார்’ என்ற பின்னொட்டோடும் இருக்கும் பெயர், ஆதாரில் ஒற்றை முன்னெழுத்தோடு நிற்கும். சுவீகாரமாகப் பிள்ளை வந்தவர் என்றால் பள்ளிச் சான்றில் பெற்ற தந்தையின் முன்னெழுத்தும் பத்திரத்தில் கூட்டிக்கொண்ட தந்தையின் விலாசமும் இருக்கும். இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்பதற்கு உறுதிமொழிப் பத்திரமும், இரு பெயர்களையும் இணைத்துக் காட்டும் பழைய ஆவணம் ஏதேனும் ஒன்றும் தேடி வையுங்கள். திருமணப் பதிவுச் சான்று இல்லாத மூத்த பெண்களுக்கு, மணநாளில் இரு வீட்டாரும் எழுதிக்கொண்ட இசைகுடிமானம் பெட்டகத்தில் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். திருமணம் நடந்ததற்கு அது ஒரு நல்ல சான்று.

வங்கியில், கணக்கு ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற முறையில் இருந்தாலோ நியமனதாரர் (நாமினி) பெயர் இருந்தாலோ, தாள்களைக் கொடுத்த 15 நாட்களுக்குள் பணத்தைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர உரிமையாளர் அல்லர். மகன் பெயர் நியமனத்தில் இருந்தாலும் மனைவியின் பங்கு அப்படியே இருக்கிறது. பங்குச் சந்தை முதலீடுகளுக்கும் இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நியமனம் இல்லாத பெருந்தொகைக்கு நீதிமன்றத்திலிருந்து வாரிசுரிமைச் சான்று கேட்பார்கள். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று வேறு, இது வேறு. குடும்ப ஓய்வூதியம் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் பகுதி அன்று. விதிப்படி அது துணைக்கே உரியது, மற்ற வாரிசுகள் அதில் பங்கு கேட்க முடியாது.

நிலத்துக்கும் வீட்டுக்கும் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துவிட்டு, வாரிசுகள் அனைவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பியுங்கள். பட்டா தனியாக உரிமையை உண்டாக்காது, ஆனால் உங்கள் பெயர் இல்லாத பட்டாவை வைத்து மற்றவர் கடன் வாங்குவதையோ விற்க முயல்வதையோ அது தடுக்கும். வளவு வீட்டின் உள்ளே இருப்பவற்றுக்கும் பட்டியல் தேவை: வெள்ளி, வெண்கலம், பீங்கான், கல்யாணச் சாமான் எல்லாம் அசையும் சொத்து, அவற்றிலும் உங்களுக்குப் பங்கு உண்டு. உங்களுக்குச் சீராக வந்தவை முழுக்க உங்களுடையவை. அவற்றைப் பட்டியலில் தனியே பிரித்துவிடுங்கள். பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் கட்டடத்தோடு சேர்ந்தவை என்பதால், பழம்பொருள் வியாபாரியிடம் ஒருவர் தனியாக விலை பேசும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. ஒரு பங்குதாரர் தம் பங்கை வெளியாருக்கு விற்க முனைந்தால், அதை முதலில் வாங்கும் உரிமை மற்ற முதல் வகுப்பு வாரிசுகளுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி உண்டு. கணவரின் கடன்களுக்கு வாரிசுகள் பொறுப்பு என்றாலும், பெற்ற சொத்தின் அளவுக்கு மேல் தம் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு பிள்ளைகளுக்கே கொடுக்க நினைத்தால், விடுதலைப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரம் நல்லது என்பது என் கருத்து. அதில் உங்கள் பங்கு உங்கள் பெயரில் நிற்கும், உங்களுக்குப் பின் யாருக்கு என்பதை உயிலில் சொல்லிக்கொள்ளலாம். இப்போதே கொடுத்தாக வேண்டும் என்றால் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 60 வயது நிறைந்தவர்கள், அந்த நிபந்தனை மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தை ரத்துசெய்யக் கோரலாம். வாய்வார்த்தையாகச் சொன்ன நிபந்தனையை அங்கே நிலைநாட்டுவது கடினம்.

மனைவியை இழந்த கணவருக்கு

மனைவி உயிலின்றி இறந்தால் அவருடைய பிள்ளைகளும் கணவரும் சமமாகப் பெறுவர். பெண்ணைப் பெற்ற தாய்க்கு அந்த வரிசையில் இடமில்லை. பிள்ளைகள் இல்லாதபோது, அந்தப் பெண் தம் தாய் தந்தையரிடமிருந்து வாரிசாகப் பெற்ற சொத்து கணவருக்கு வராமல் அவருடைய தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். ஆனால் பெற்றோர் உயிரோடு இருக்கையில் சீராகவும் செட்டில்மெண்டாகவும் கொடுத்தது ‘வாரிசாகப் பெற்றது’ ஆகாது. அது பொது விதிப்படி கணவருக்கும், கணவர் இல்லையேல் கணவரின் வாரிசுகளுக்கும் போகும். வைரமும் மனையும் சீராகக் கொடுத்தனுப்பும் ஊரில், பிள்ளையில்லாத பெண்ணின் உடமை அவரைப் பெற்றவர்களுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ வராமல், அவர் முகம் பார்த்திராத ஒருவருக்குப் போகக்கூடும் என்பதைப் பெண்கள் அறிந்திருக்க வேண்டும். அதைத் தவிர்க்க உயில் ஒன்றே வழி.

உயில் பற்றிச் சில சொற்கள்

உயிலுக்கு முத்திரைத்தாளோ பதிவோ கட்டாயமில்லை. எழுதியவரின் கையெழுத்தும் இரு சாட்சிகளின் கையெழுத்தும் போதும். சாட்சிகளில் ஒருவராவது உங்களைவிட இளையவராக, பின்னாளில் நீதிமன்றத்தில் வந்து சொல்லக்கூடியவராக இருக்கட்டும். தம் தனிச்சொத்தைக் கணவர் உயில் மூலம் யாருக்கும் கொடுக்கலாம், மனைவியை முழுவதும் விலக்கவும் செய்யலாம். அப்போதும் அந்தச் சொத்திலிருந்து ஜீவனாம்சம் கோரும் உரிமை மனைவிக்கு இருக்கிறது. “ஆயுள்வரை மனைவி அனுபவித்து, பிறகு மகனுக்கு” என்று எழுதுவது இங்கு மிகப் பழகிப்போன வாசகம். அப்படி எழுதினால் பல நேரங்களில் அவரால் மருத்துவச் செலவுக்குக்கூட அந்த வீட்டை விற்க முடியாது. முழு உரிமை கொடுக்க எண்ணினால் “சர்வ சுதந்திர பாத்தியமாக” என்று ஐயமின்றி எழுத வேண்டும்.

பிற சமயத்தவரும் வெளிநாட்டுச் சொத்தும்

இதுவரை சொன்னது இந்துக்களுக்கு. கிறித்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளைகள் இருந்தால் துணைக்கு மூன்றில் ஒன்று. பிள்ளைகள் இன்றி மற்ற உறவினர் மட்டும் இருந்தால் பாதி. இஸ்லாமிய மனைவிக்குப் பிள்ளைகள் இருந்தால் எட்டில் ஒன்று, இல்லையெனில் நான்கில் ஒன்று. கணவருக்கு முறையே நான்கில் ஒன்றும் பாதியும். வெளிநாட்டிலுள்ள வீடும் நிலமும் அந்தந்த நாட்டுச் சட்டத்தின்படியே போகும்: துணையும் பிள்ளைகளும் மட்டும் இருக்கும்போது மலேசியாவில் துணைக்கு மூன்றில் ஒன்று, சிங்கப்பூரில் பாதி. காரைக்குடியில் எழுதிய பாகப்பிரிவினையால் மலேசியாவின் ஈப்போ நகரில் உள்ள கடையின் உரிமை மாறாது; அங்குள்ள நீதிமன்றத்தில் தனியே நிர்வாக அதிகாரம் பெற வேண்டும்.

பேச்சில் தீராதபோது

பங்கு தர மறுத்தால் பாகப்பிரிவினை வழக்குத் தொடரலாம். கூட்டு உரிமையாளர் ஒருவரின் அனுபவம் எல்லார் சார்பிலுமான அனுபவமாகவே கருதப்படும் என்பதால், நீங்கள் பல ஆண்டுகள் வெளியூரில் இருந்ததே உங்கள் உரிமையை அழித்துவிடாது. ஆனால் “உனக்கு இங்கே பங்கே இல்லை” என்று எழுத்தில் மறுத்த கடிதமோ வழக்கறிஞர் அறிவிப்போ வந்துவிட்டால் 12 ஆண்டுக் காலவரம்பு ஓடத் தொடங்கும். அந்தத் தாளைத் தேதியோடு வைத்துக்கொண்டு தாமதிக்காமல் செயல்படுங்கள். செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை: 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள் அனைவருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தால் வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, நீங்கள் எழுதி வைத்த சொத்துப் பட்டியல் ஆகிய மூன்றின் நகல்களையும் அந்த மனுவோடு இணைத்துக்கொள்ளுங்கள்.